மோல்ட்டாவா, இபிசாவா? 4 பேர், 5 இரவு, 800 யூரோ

நிலாவெளி நண்டு:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் சீசன் முடிஞ்ச கையோட, ஒக்டோபர் முதல் கிழமை, மத்தியதரைக் கடல் தீவு ஒண்டுக்குப் போக யோசனை. ரெண்டு சோடி: நானும் மனுசியும், தங்கச்சியும் அவவின்ர மனுசனும். பகலில கடல் பாக்க எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, அது வாசலிலயே கிடக்கு. நாங்கள் போறது இரவுக்குத்தான். பாட்டு, ஆட்டம், சனத்தோட சனமா நடந்து திரியிறது, நேரங்கெட்ட நேரத்தில சாப்பாடு.

ஆம்பிளையள் ரெண்டு பேரும் அளவாக் குடிப்பம். பொம்பிளையள் தொடமாட்டினம், தங்கச்சி மச்சமும் சாப்பிடமாட்டா. விமானம், அறை எல்லாம் தனி. இரவுச் செலவுக்கு மட்டும் 800 யூரோ ஒதுக்கியிருக்கிறம். மோல்ட்டா, ஸ்பெயினின்ர இபிசா ரெண்டுக்கும் இடையில மனம் ஆடுது. எது சரிவரும்? இரவில அறைக்குத் திரும்பி வாறது எப்பிடி?

கன்னியா வெந்நீர்:

தம்பி, முதலில கணக்கைப் பாப்பம்.

இபிசாவில பெரிய கிளப் ஒண்டின்ர நுழைவு ரிக்கெற் 50 யூரோவில இருந்து 100 வரைக்கும் போகும். ஒக்டோபர் முதல் கிழமை எண்டா அங்க குளோசிங் பார்ட்டிக் காலம். கிளப்புகள் சீசனை மூடுற இரவுகள், அதால மலிவு ரிக்கெற் எப்பவோ முடிஞ்சிருக்கும். ஆளுக்கு 60 எண்டு குறைச்சுப் போட்டாலும் நாலு பேருக்கு 240. உள்ளுக்கு ஒரு கலப்புக் குடிவகை 20 யூரோ மட்டில வரும்; ஆம்பிளையளுக்கு ரெண்டு ரெண்டு, 80. பொம்பிளையள் சும்மா தண்ணி குடிச்சாலும் சின்னப் போத்தல் 10 யூரோ, நாலு போத்தல் 40. திரும்ப டக்ஸி 30. கூட்டினா ஒரு இரவு 390. உங்கட 800 ரெண்டு இரவோட சரி. மிச்ச மூண்டு இரவும் அறை பல்கனியில இருந்து தூரத்து பேஸ் சத்தம் கேக்கலாம்.

மோல்ட்டாவில பாச்செவில் எண்ட பகுதியில பெரும்பாலான இடங்களுக்கு நுழைவுக் காசே இல்லை. பியர் 4 முதல் 6 யூரோ, கொக்டெயில் 10 மட்டில. அதே நாலு பேர் குடிச்சு, சோடா எடுத்து, நடுச்சாமத்தில கடிச்சு, காரில திரும்பினாலும் 70, 80க்குள்ள அடங்கும். அஞ்சு இரவும் போகலாம், கையிலயும் பாதி மிஞ்சும். அந்த மிச்சத்தில ஒரு இரவு மட்டும் ரிக்கெற் போட்டு பெரிய டீஜே ஒராளைப் பாக்கலாம்.

கிரேக்கத்தின்ர மிக்கோனோஸ் எண்டு ஆராவது சொன்னா விடுங்கோ. விலை இபிசாவை வெட்டும், தீவு முழுக்க டக்ஸி முப்பது சொச்சம்தான், ஒக்டோபரில பாதி இடம் பூட்டு. சைப்பிரசின்ர ஆயா நாப்பாவும் அந்த நேரம் அடங்கத் தொடங்கியிடும்.

சீனக்குடா சிக்னல்:

வெந்நீர் அண்ணையின்ர கணக்கு பிழையில்லை. ஆனா இபிசாவைக் கிளப்பால மட்டும் அளக்கக் கூடாது. சும்மா பாக்கிறதுக்கும் அங்க நிறைய இருக்கு. சாந்த் அந்தோனி எண்ட ஊரில சூரியன் விழுற பக்கம் கஃபே டெல் மார் 1980இல இருந்து நிக்குது. உள்ளுக்குப் போய் இருந்தா காசு. முன்னால இருக்கிற கல்லில குந்தியிருந்தா அதே பாட்டு, அதே சூரியன், சும்மா. பெனிராஸ் கடற்கரையில ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயேக்க மேளக்காரர் கூடி அடிப்பினம். இபிசா நகரத்துக் கோட்டை டால்ட் வில்லா இரவு முழுக்கத் திறந்து கிடக்கும், 1999இல யுனெஸ்கோ பட்டியலில ஏறினது. எங்கட திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மாதிரி வாசலால ஏறி மேல போனா ஊர், துறைமுகம் எல்லாம் காலடியில. மான் மட்டும் இல்லை.

எந்தத் தீவுக்குப் போனாலும் எங்கட ஆக்கள் சறுக்கிற இடம் நேரம். ஒக்டோபர் தொடக்கத்தில ரெண்டு தீவும் எங்களை விட மூண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. இபிசா கிளப் நள்ளிரவில திறக்கும், சனம் நிரம்ப 2 மணியாகும், முடிய 6 மணி. அங்கத்தைய 2 மணி எங்கட உடம்புக்குக் காலமை 5.30. பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேக்கிற நேரத்தில ஆடத் தொடங்கச் சொன்னா உடம்பு கேக்குமோ? 80 யூரோ குடுத்து உள்ளுக்குப் போய் சோபாவில நித்திரை கொள்ளுறது இப்பிடித்தான் நடக்குது. எழுப்பி வெளிய அனுப்பியும் விடுவினம்.

அதால போய் இறங்கின முதல் இரவுக்கு ஒரு ரிக்கெற்றும் வாங்காதேங்கோ. அண்டைக்கு எப்பிடியாவது 11 மணி மட்டும் முழிச்சிருந்திட்டுப் படுங்கோ. ரெண்டாம் நாள் பின்னேரம் யன்னலை மறைச்சு ஒண்டரை மணித்தியாலம் நித்திரை, அதுக்கு மேல வேண்டாம், மண்டை பாரமாகும். இரவுச் சாப்பாட்டை 9.30க்குத் தள்ளுங்கோ. பெரிய இரவை மூண்டாம் நாளுக்கோ நாலாம் நாளுக்கோ வையுங்கோ.

இபிசா எண்டே முடிவெடுத்தா மூண்டு விசயம். மலிவு ரிக்கெற்றில "இத்தினை மணிக்கு முதல் நுழைவு" எண்டு ஒரு நிபந்தனை சின்ன எழுத்தில இருக்கும். 1 மணி எண்டு போட்டிருந்தா 1.05க்கு அது வெறும் கடதாசி. வாசல் வரிசைக்கே அரை மணித்தியாலம் போகும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ. ரெண்டாவது, சாந்த் அந்தோனி மாதிரிக் கட்டுப்பாட்டு வலயங்களில இரவு 9.30இல இருந்து காலமை 8 மணி வரை கடையில மதுபானம் விக்க ஏலாது. றோட்டில வைச்சுக் குடிச்சா 500இல இருந்து 1500 யூரோ வரைக்கும் தண்டம். மூண்டாவது, ஸ்பெயினில ஊத்துறவை அளந்து ஊத்துறது குறைவு, கண் மட்டம்தான். அங்கத்தைய ஒரு கிளாஸ் எங்கட ரெண்டு கிளாஸ். எண்ணிக்கையை நம்பிக் குடிக்காதேங்கோ.

திரும்ப வர சீசனில டிஸ்கோபஸ் எண்டு இரவு பஸ் ஓடும். டக்ஸி எண்டா 6 மணிக்குக் கிளப் மூடேக்க எல்லாரும் ஒண்டா வெளிய வருவினம், வரிசை நீளும். 5.15க்கே கிளம்பினா நிக்காமல் ஏறலாம்.

டச்பே நடை:

நாலு பேருக்கும் ஒத்துவரக்கூடியது மோல்ட்டாதான் என்பது என் கருத்தும். ஒரு இரவை எப்படி ஓட்டுவது என்று சொல்கிறேன்.

அறையைப் பாச்செவிலுக்குள்ளேயே எடுக்க வேண்டாம். விடியற்காலை 4 மணி வரை யன்னல் கண்ணாடி அதிரும். சென் ஜூலியன்ஸில் பல்லுட்டா குடா, ஸ்பினோலா குடாப் பக்கம் எடுத்தால் கால்மணி நேர நடை. ஸ்லீமாவில் எடுத்தால் கடலோரமாக முக்கால் மணி நேரம் வரும். ஆனால் அது முழுக்க விளக்குப் போட்ட அகலமான நடைபாதை, இரவு ஒரு மணிக்கும் குடும்பங்கள் நடந்துகொண்டிருக்கும்.

ஒக்டோபர் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைவது 6.45 மட்டில். அதற்குக் கொஞ்சம் முன்னதாக ஸ்லீமா இறங்குதுறையில் தலைநகர் வலெற்றாவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். பத்து நிமிடத்துக்குள் அக்கரை. மஞ்சள் கல் மதில்கள் முழுக்க விளக்கு ஏறும் நேரம் அது, படகின் மேல்தட்டில் இருந்தால் காசு கொடுத்துப் போகும் சுற்றுலாப் படகே தேவைப்படாது. இறங்கும்போதே கடைசிப் படகு நேரம் எழுதிய பலகையைப் படம் எடுத்து வையுங்கள், மாதத்துக்கு மாதம் அது மாறும்.

வலெற்றாவில் ஸ்ட்ரெயிட் ஸ்ட்ரீட். இரண்டு பேர் கையை விரித்தால் சுவரில் முட்டும் அளவுக்கு ஒடுங்கின நீளச் சந்து. பிரித்தானியக் கடற்படைக் காலத்தில் கப்பல்காரர் குடித்து ஆடின தெரு; அவர்கள் வைத்த பட்டப்பெயரே "குடல்". திருகோணமலையில் இருந்து அதே கடற்படை 1957இல் போனது, மோல்ட்டாவில் இருந்து 1979இல். இன்னொரு ஒற்றுமையும் உண்டு: 1942 ஏப்ரல் 9 எங்கள் துறைமுகத்தில் குண்டு விழுந்தது, ஆறு நாள் கழித்து, குண்டு மழையைத் தாங்கினதற்காக மோல்ட்டாத் தீவு முழுவதுக்கும் ஜோர்ஜ் குரொஸ் பதக்கம் கொடுத்தார்கள். கோட்டையைச் சுற்றி நடக்கும்போது ஏதோ தெரிந்த ஊர் மாதிரி இருப்பதற்கு இதுவும் காரணம். இப்போது அந்தச் சந்தில் சின்னச் சின்ன வைன் கடைகள், மேசைகள், நேரடி இசை. குடிக்காதவர்களும் கூச்சமில்லாமல் இருந்து சாப்பிடக்கூடிய இடம். வலெற்றாவின் குறிப்பிட்ட தெருக்களில் 2022இல் இருந்து வெளியில் ஒரு மணி வரை பாட்டுப் போட அனுமதி; மற்ற ஊர்களில் 11 மணியோடு வெளிச்சத்தம் அடங்கும்.

பாச்செவிலுக்கு 11.30க்கு மேல் போனால் போதும். 9 மணிக்குப் போய் "இவ்வளவுதானா" என்று திரும்புபவர்கள் அதிகம். சாந்தா ரீட்டா தெருவின் படிக்கட்டைச் சுற்றி ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கின கிளப்புகள், ஒன்றில் டெக்னோ, அடுத்ததில் சல்சா, எதிரில் பழைய ரொக். நுழைவு இலவசம் என்பதால் பதினைந்து நிமிடம் நின்று பிடிக்காவிட்டால் அடுத்ததுக்குப் போகலாம். செருப்பும் கடற்கரைக் காற்சட்டையும் வேண்டாம், சில வாசலில் திருப்பிவிடுவார்கள். வயதைக் காட்டப் பாஸ்போட்டின் படப்பிரதி பெரும்பாலும் போதும். அசலை அறைப் பெட்டகத்தில் பூட்டுங்கள்.

தெருவில் நிற்கும் பையன்கள் "இலவச ஷொட்" என்று கூப்பிடுவார்கள். பொய்யில்லை, தருவார்கள். விரல் உயரக் கிளாஸில் இனிப்புச் சாறு மாதிரி ஒன்று, அடுத்ததை முழு விலைக்கு நீங்கள் எடுப்பீர்கள் என்பதுதான் கணக்கு. குடித்துவிட்டு நன்றி சொல்லி வெளியேறலாம். ஆனால் "ஜென்டில்மென்ஸ் கிளப்" என்ற பலகைக்குக் கீழ் நின்று கூப்பிடுபவர்கள் வேறு வகை. இப்படியான இடங்களில் ஒரு போத்தல் சம்பெயினில் தொடங்கி, அட்டையைத் திரும்பத் திரும்ப இழுத்து, ஆயிரக்கணக்கில் பில் வந்த சம்பவங்கள் பொலிசு, வழக்கு வரை போயிருக்கின்றன. எந்த இடமானாலும் அட்டையைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், இயந்திரத்தில் விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு தட்டுங்கள். இரவுக்கு என்று 100, 150 யூரோ மட்டும் போட்ட தனி அட்டை வைத்திருப்பது நல்லது.

திரும்புவதற்கு: "என்" எழுத்தில் தொடங்கும் இரவு பஸ்கள் வெள்ளி, சனி இரவுகளில் ஓடும், 3 யூரோ. பகல் பஸ் கோடைக் கட்டணம் 2.50, இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம். மற்ற நாட்களில் போல்ட் என்ற டக்ஸிச் செயலி. எங்கள் ஊர் பிக்மீ பழகினவர்களுக்கு அதில் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. ஆனால் அட்டையைச் செயலியில் ஏற்றுவதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். ஏற்றும்போது வங்கி அனுப்பும் ஆறு இலக்க எண் உங்கள் இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும், ரோமிங் இல்லாமல் போனால் அந்த எண் வந்து சேராது. குறுஞ்செய்திக்காவது ரோமிங் போட்டு, வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கும் சொல்லுங்கள்.

2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் கட்டணம் ஏறும், பாச்செவில் உள்தெருக்களுக்குள் கார் வந்து சேரவும் மாட்டாது. ஸ்பினோலாப் பக்கமாகப் பத்து நிமிடம் இறங்கி நடந்து, அங்கிருந்து கூப்பிடுங்கள்.

நிலாவெளி நண்டு:

நடை அண்ணை, அந்த ஆறு இலக்க விசயத்துக்கே ஒரு கும்பிடு. மோல்ட்டா எண்டு முடிவாப் போச்சு.

தங்கச்சி பக்கத்தில இருந்து கேக்கிறா: குடிக்காத ஆக்கள் கையில என்னத்தை வைச்சுக்கொண்டு நிக்கிறது? மச்சம் சாப்பிடாத ஆள் ராத்திரியில என்ன சாப்பிடுறது? விசாவுக்கும் ஒராள் ஒரு வரி சொல்லுங்கோ.

மூதூர்ப் படகு:

தங்கச்சிக்கு என்ர பதில். கின்னி எண்டு கேளுங்கோ. 1952இல இருந்து மோல்ட்டாவில செய்யிற சோடா, கைப்புத் தோடம்பழமும் மூலிகையும் சேர்ந்தது, மது ஒரு துளியும் இல்லை. நிறம் தேத்தண்ணி மாதிரி, முதல் மிடறு கசக்கும், மூண்டாவதில பிடிக்கும். ஐஸும் ஒரு துண்டுத் தோடம்பழமும் போட்டுத் தந்தா கொக்டெயில் மாதிரித்தான் தெரியும், ஒருத்தரும் துருவிக் கேக்கமாட்டினம். கொக்டெயிலே வேணுமெண்டா "வேர்ஜின்" எண்டு சொல்லி எடுக்கலாம். வாங்கேக்கயே ஊத்துறவரைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ, சத்தத்தில பிழையாக் கேட்டு ரம் விட்டிடுவினம். கிளாஸை மேசையில வைச்சிட்டு ஆடப் போனா, திரும்பி வந்து அதைக் குடிக்கிறதில்லை. சோடாவானாலும் அப்பிடித்தான்.

நடுச்சாமச் சாப்பாடு பஸ்தீட்சி. எங்கட பற்றிஸுக்குப் பெரியப்பா முறை. இலை வடிவத்தில, மாவு கடதாசி கடதாசியாப் பிரியும். கடிச்சா சட்டை முழுக்க உதிரும், அதால குனிஞ்சு நிண்டு சாப்பிடோணும். வழமையானது ரெண்டு வகை: ரிக்கோட்டா பாற்கட்டி, இல்லாட்டி மசிச்ச பட்டாணி. சின்னக் கடையில ஒண்டு ஒரு யூரோவுக்குள்ள. உள்ளுக்கு மச்சம் இல்லாட்டியும், மாவுக்குப் பண்டிக் கொழுப்புப் போடுற கடையள் இருக்கு. "லார்ட்" போட்டதோ எண்டு கேட்டிட்டு வாங்கச் சொல்லுங்கோ. அடுப்பால அப்பதான் எடுத்த பட்டாணி பஸ்தீட்சிக்குள்ள கொதிக்கும், பொறுத்துக் கடியுங்கோ. சோறு, கறி தேடினா சென் ஜூலியன்ஸ் பக்கம் இந்தியச் சாப்பாட்டுக் கடையள் இருக்கு, ஆனா 11 மணிக்குள்ள சமையலறை பூட்டிடும்.

நாளைக் கொஞ்சம் மாத்த ஏலுமெண்டா செப்டெம்பர் 8ஐப் பாருங்கோ. அண்டைக்கு நஷ்ஷார், மெல்லீஹா, செங்லேயா ஊருகளில மாதாவின்ர பெருநாள். அவை அதை ஃபெஸ்தா எண்டுவினம். கோயில் முழுக்க விளக்குமாலை, தெருவில பாண்ட் வாத்தியம், பல்கனியில இருந்து கூடை கூடையாக் கடதாசித் துண்டு கொட்டுவினம். 11 மணிக்கு மேல தெரு நடுவில கம்பம் நட்டு, சில்லு சில்லாக் கட்டின வாணத்தைக் கொளுத்துவினம். ஒரு சில்லு சுத்தி அடுத்த சில்லைப் பத்த வைக்கும். போன வருசம் பக்கத்து ஊர் செய்ததை வெல்லோணும் எண்டு வருசம் முழுக்கக் காசு சேக்கிறவை. திருவிழா உபயக்காரரின்ர போட்டியைப் பாத்து வளந்த எங்களுக்கு அது விளக்கம் சொல்லாமலே விளங்கும். வண்டிலில குப்பாய்ட் எண்டு நூகா இனிப்பு விப்பினம், பாறை மாதிரிக் கட்டியைக் கத்தி வைச்சுத் தட்டி உடைச்சு நிறுத்துத் தருவினம். எல்லாம் சும்மா பாக்கிறது. பருத்தி உடுப்புப் போடுங்கோ, நெருப்புப் பொறி விழும், நைலோன் பிடிச்சிடும்.

ஒக்டோபர்தான் எண்டா, முதல் சனிக்கிழமையை ஒட்டி வலெற்றாவில நொட்டே பியாங்கா எண்டு ஒரு இரவு வழக்கமா வைக்கிறவை. அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாம் சாமம் வரைக்கும் திறந்திருக்கும், தெருத்தெருவா இசை. திகதியைப் பாத்து விமானத்தைப் போடுங்கோ. அண்டைக்கு மட்டும் திரும்பி வாற பஸ்ஸை நம்பாதேங்கோ, நகர வாசலில சனம் குவியும். 11 மணிக்கு முதலே இறங்குதுறைப் பக்கம் நழுவுங்கோ.

கன்னியா வெந்நீர்:

விசாவுக்கு ஒரு வரி காணாது தம்பி.

மோல்ட்டா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில போற ஐரோப்பிய நாடுகளில ஒண்டு. கட்டணம் 90 யூரோ, பிழைச்சா திரும்பி வராது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முதல் இருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள்ள எண்டா ஏலாது. முடிவு சொல்ல 15 நாள் எண்டு சட்டத்தில இருந்தாலும் அது நீளும், ஜூலையிலயே குடுங்கோ. பாஸ்போட் பத்து வருசத்துக்குள்ள எடுத்ததா இருக்கோணும், நீங்கள் அங்க இருந்து வெளிக்கிடுற நாளுக்குப் பிறகும் மூண்டு மாதம் செல்லோணும். பயணக் காப்புறுதி ஆகக் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடு முழுக்கச் செல்லுபடியாகிறதாப் பாத்து எடுங்கோ. கலியாணச் சான்றிதழ் தமிழில எண்டா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து ஆங்கிலத்தில எடுங்கோ.

எங்கட ஆக்களின்ர விண்ணப்பம் அதிகமா நிராகரிக்கப்படுறது வங்கிக் கணக்கால. விண்ணப்பத்துக்கு முதல் கிழமை மாமா போட்ட பத்து லட்சம் தனியாத் துருத்திக்கொண்டு நிக்கும். சீசன் தொழில் எண்டா மே தொடக்கம் வந்த வருமானம் மாதா மாதம் கணக்கில விழட்டும், வியாபாரப் பதிவையும் வரிக் கடதாசியையும் சேர்த்து வையுங்கோ. ஊருக்குத் திரும்பி வாறதுக்கு உங்களுக்குக் காரணம் இருக்கு எண்டதைத்தான் அவை பாக்கிறவை. விசா கைக்கு வராமல், காசு திரும்பாத விமான ரிக்கெற் வாங்காதேங்கோ, முன்பதிவு போதும்.

விமானம் டுபாய் வழி, இல்லாட்டி இஸ்தான்புல் வழி. டுபாய் விமானம் சைப்பிரசில ஒருக்கா இறங்கி ஏறும், நீங்கள் விமானம் மாறத் தேவையில்லை.

சீனக்குடா சிக்னல்:

விட்டுப்போனது ரெண்டு. மோல்ட்டாவில தண்ணிப் போத்தலுக்கு 10 சதம் வைப்புக் காசு சேர்த்து எடுப்பினம். வெறும் போத்தலை நசிக்காமல் கொண்டுபோய் மெசினில போட்டா துண்டு தரும், அதைக் கடையில மாத்தலாம். நசிச்சா மெசின் துப்பியிடும்.

மற்றது பிளக். வெள்ளைக்காரன் ஆண்டிட்டுப் போன இடம்தானே, எங்கட சதுர மூண்டு கம்பி சார்ஜர் அங்க அப்பிடியே ஏறும். நாலு பேருக்கு ஒரு மல்ரிபிளக் போதும், அறையில கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு சொக்கெற்தான் இருக்கும்.

நிலாவெளி நண்டு:

சதுரம் ஏறுமெண்டா சரி. தங்கச்சி இப்பவே செப்டெம்பர் 8 எண்டு கலண்டரில வட்டம் போட்டிட்டா. அந்த நேரம் இஞ்ச சீசன் முடிய மூண்டு கிழமை கிடக்கும், அறைகளை ஆர் பாக்கிறது எண்டு இனி வீட்டில கதைக்கோணும்.